மெள்ளப் போகும் மோட்டார்கள்

மோட்டார் வண்டியைத் தள்ளிய அநுபவம் நேயர்களில் எத்தனை பேருக்கு உண்டோ, தெரியாது. எனக்கு உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் மிராசுதார் ஒருவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது தானாகக் கிளம்பியதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி அதைத் தெற்கு வீதி முனை வரையில் தள்ளுவோம். இஞ்சின் உறுமத் தொடங்கியதும் மிராசுதார், "ஏறிக்கொள்ளுங்கடா!" என்பார். குளத்தங்கரை வரையில் சவாரி கிடைக்கும். அங்கே வண்டி மறுபடியும் படுத்துவிடும். எங்களைத் தாண்டிப் போகும் மாட்டு வண்டிக்காரர்கள், "கயிறு வேணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படியொரு வண்டியை வைத்துக்கொண்டிருப்பது கௌரவக் குறைவு என்றுதான் அந்த வயதில் நான் நினைத்தேன். இங்கிலாந்திலே நூற்றுக்கணக்கான கனவான்களும் சீமாட்டிகளும் அதே காரியத்தை ஆண்டுதோறும் ஒரு விரதம்போல அநுஷ்டிக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த விரத நாள் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. நமக்கு ஐப்பசி அடைமழைக் காலம். அவர்களுக்கு இலைகளெல்லாம் உதிர்ந்து, குளிர் எலும்பைத் தொடத் தொடங்கும் காலம். பொழுது விடிகிற நேரத்தில் லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து பழைய மோட்டார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. சுமார் 60 மைல் தூரத்தில், தெற்கே கடலோரத்தில் இருக்கும் பிரைட்டன் நகரம்தான் அவை போய்ச் சேரவேண்டிய இடம். 1905-ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன்னால் செய்யப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே இதில் இடம் உண்டு. பலவற்றுக்குக் கூரை இல்லை, முன்பக்கத்துக் கண்ணாடி இல்லை. சிலவற்றுக்குச் சக்கரம்போன்ற சுக்கான்கூட இல்லை. படகைத் திருப்புவதுபோல ஒரு கோலைப் பிடித்துத் திருப்பவேண்டும். ஏற்றம் வந்தால் உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். மழை வந்தால் நனைகிறார்கள்.

இதில் முதலில் வருகிறவருக்குப் பரிசு உண்டா என்றால், கிடையாது. இது பந்தயமே அல்ல. மணிக்குச் சராசரி 20 மைலுக்குமேல் போகக்கூடாது என்பது விதி. மாலை நாலரை மணிக்குள் வந்து சேர்ந்துவிட்டால் ஒரு வெண்கலப் பதக்கம், அவ்வளவுதான். இந்தக் காட்சியைப் பார்ப்பதற்கு வழி நெடுகிலும் ஜனங்கள் கம்பளிச் சட்டையும் தேநீர்க் குடுவையுமாகக் காத்து நிற்கிறார்கள். நம் ஊரில் தேர் அசைந்து வருவதைப் பார்க்கத் தெருவெல்லாம் கூடி நிற்பதில்லையா? தேர் மணிக்கு எத்தனை மைல் போகிறது என்று யாராவது கேட்பதுண்டா? அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் மெள்ளப் போவதற்குப் பேர்போன இந்தத் திருவிழா, வேகத்துக்குக் கிடைத்த விடுதலையைக் கொண்டாடுவதற்காகத் தோன்றியது. அதுதான் இதில் உள்ள வேடிக்கை.

1865-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு சட்டம் செய்தார்கள். சாலையில் ஓடும் நீராவி வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்த சட்டம் அது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், அதற்குமேல் போகக்கூடாது. வண்டிக்கு மூன்று ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் கையில் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு 60 கஜம் முன்னால் நடந்து போகவேண்டும்! குதிரைகள் மிரளக்கூடாது, ஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. 1878-இல் கொடி கட்டாயமில்லை என்று தளர்த்தினார்கள்; தூரத்தையும் 20 கஜமாகக் குறைத்தார்கள். ஆனால் நடக்கிற மனிதர் நடந்துகொண்டேதான் இருந்தார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் மோட்டார்கள் பறந்துகொண்டிருந்த நாளில், இங்கிலாந்து மோட்டார்கள் சட்டப்படி ஒரு மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஊரவேண்டியிருந்தது.

1896-ஆம் ஆண்டில் இந்தத் தளை அறுந்தது. புதிய சட்டம் முன்னால் நடப்பவரை வீட்டுக்கு அனுப்பியது; மணிக்கு 14 மைல் வரையில் அனுமதித்தது. அதிகாரிகள் அதையும் 12 மைலாகக் குறைத்தார்கள் என்பது வேறு விஷயம். சட்டம் அமலுக்கு வந்த நவம்பர் 14-ஆம் தேதி, சனிக்கிழமை, லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலில் காலை விருந்து நடந்தது. விருந்தில் வின்செல்சீ பிரபு ஒரு சிவப்புக் கொடியை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு 33 வண்டிகள் மழையிலும் காற்றிலும் பிரைட்டனை நோக்கிப் புறப்பட்டன. 17 வண்டிகள்தாம் போய்ச் சேர்ந்தன.

அந்தப் பதினேழிலும் ஒன்று ரயிலில் வந்தது என்று ஒரு கதை உண்டு. மின்சாரத்தால் ஓடும் வண்டியாம் அது. பிரைட்டன் வரையில் ரயிலில் ஏற்றி வந்து, ஊர் எல்லையில் இறக்கி, தூரத்திலிருந்து வந்ததுபோலத் தோன்றுவதற்காகச் சேற்றை வாரிப் பூசி ஓட்டினார்களாம். கதை நிஜமோ பொய்யோ, நடத்தியவரின் சுபாவத்துக்கு அது ஒத்துப்போகிறது. இந்த ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவர் ஹாரி லாசன் என்பவர். சைக்கிள் உருவான வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு. பின்பக்கச் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் சைக்கிளை 1879-இலேயே அமைத்தவர். மோட்டார் தொழிலை முழுக்கத் தம் கைக்குள் கொண்டுவரவேண்டும் என்று காப்புரிமைகளை வாங்கிக் குவித்தார். கம்பெனிகளைத் தொடங்கிப் பங்குகளை விற்றார். 1904-இல் மோசடி வழக்கில் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். விடுதலை ஊர்வலம் நடத்திய மனிதர் சிறைக்குப் போனார்! ஒரு நாவலில் இப்படி எழுதினால், "கதாசிரியர் வேண்டுமென்றே செய்துவிட்டார்" என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள்.

எத்தனையோ ஊர்கள் இருக்கப் பிரைட்டன் எதற்கு, அதுவும் குளிர் தொடங்கும் நவம்பரில் எதற்கு என்ற கேள்வி எழலாம். அதற்குச் சற்றுப் பின்னால் போகவேண்டும்.

பிரைட்டன் ஒரு காலத்தில் மீனவர் குப்பம். 1750-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ரஸல் என்ற வைத்தியர் கடல் நீரால் சுரப்பி வியாதிகள் குணமாகும் என்று லத்தீன் பாஷையில் ஒரு நூல் எழுதினார். கடலில் குளித்தால் மட்டும் போதாது, கடல் நீரைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் கட்சி. பணக்காரர்கள் வந்து குடித்தார்கள். குணமானவர்கள் எத்தனை பேரோ, ஊர் மட்டும் செழித்தது. 1783-இல் இளவரசர் ஜார்ஜ் வந்தார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர் இவர்தான். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் பிரைட்டனிலிருந்து லண்டனுக்குக் குதிரையில் போய், அன்றே பத்து மணி நேரச் சவாரியில் திரும்பிவந்தார். லண்டன் - பிரைட்டன் சாலையில் வேகம் காட்டும் பைத்தியத்துக்கு இவரையே பிள்ளையார் சுழி என்று சொல்லலாம். அவருக்குப் பிறகு அந்தச் சாலையில் குதிரை வண்டிக்காரர்கள், சைக்கிள்காரர்கள், நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டினார்கள். ஐம்பது மைலுக்கு மேற்பட்ட ஓட்டப் பந்தயம் ஒன்று 1951 முதல் 2005 வரையில் அந்தச் சாலையில் நடந்து வந்தது.

இளவரசர் தமக்காகக் கட்டிக்கொண்ட மாளிகைதான் பிரைட்டனின் பெரிய வேடிக்கை. 1787-இல் சாதாரண ஆங்கில வீடாக எழுந்தது, 1815-க்கும் 1822-க்கும் இடையில் ஜான் நாஷ் என்ற சிற்பியின் கையால் வெங்காயக் கும்மட்டங்களும் ஸ்தூபிகளும் முளைத்து, டில்லி மாளிகைபோல ஆகிவிட்டது. நாஷ் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை, இளவரசரும் பார்த்ததில்லை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு சித்திரக்காரர்கள் இந்தியா முழுவதும் சுற்றி வரைந்த படத் தொகுதிதான் நாஷுக்குக் கிடைத்த இந்தியா. அந்தத் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரை நாயக்கர் அரண்மனையும் உண்டு என்பதைத் தமிழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நம் சென்னையிலே சேப்பாக்கம் கடற்கரையில் சிஸம் துரை கட்டிய செனட் மாளிகையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கும்மட்டங்கள் புதியனவாகத் தோன்றமாட்டா.

படத்தைப் பார்த்துக் கட்டிய இந்தியா இப்படியிருக்க, நிஜமான இந்தியர் ஒருவரும் அந்த ஊரில் கடை விரித்தார். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் மகமது 1814-இல் பிரைட்டனுக்கு வந்து, மூலிகை ஆவியில் உடம்பை வேகவைத்துப் பிடித்துவிடும் ஸ்நான சாலை நடத்தினார். 'ஷாம்பூ' என்ற வார்த்தை இங்கிலாந்தில் பிரபலமானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அன்றைக்கு அதற்கு உடம்பு பிடிப்பது என்றுதான் அர்த்தம். இரண்டு மன்னர்களின் உடம்பு அவர் கைக்கு வசப்பட்டிருந்தது. அவர் பேரர் பிரெடரிக் அக்பர் மகமது, இரத்த அழுத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்த பெரிய வைத்தியரானார்.

1841-இல் ரயில் வந்தது. சாதாரண ஜனங்கள் கோடையில் திரள் திரளாக வந்து இறங்கினார்கள். விக்டோரியா மகாராணிக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. 1850-இல் மாளிகையை ஊர்ச் சபைக்கே விற்றுவிட்டார். பணக்காரர்கள் கோடையை ஏழைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இலையுதிர் காலத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அக்டோபர், நவம்பரில் கடற்கரைச் சாலையில் சாரட்டுகள் வரிசையாகப் போகும். ஆகையால் 1896 நவம்பரில் லாசன் தம் மோட்டார்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதில் ஆச்சரியமில்லை. மோட்டார் வாங்கக்கூடிய கைகள் அங்கேதான் கையுறை போட்டுக்கொண்டு உலாவிக்கொண்டிருந்தன.

மோட்டார்கள் வந்து சேர்ந்து சரியாக இருபது நாள் ஆயிற்று. டிசம்பர் 4-ஆம் தேதி இரவு பெரும் புயல் அடித்தது. 1823-இல் கட்டிய சங்கிலிப் பாலத்துறையைக் கடல் விழுங்கிவிட்டது. கடலுக்குள் நீண்டிருந்த அந்தத் துறையை டர்னரும் கான்ஸ்டபிளும் சித்திரமாக வரைந்திருக்கிறார்கள். பழையது போயிற்று, புதியது வந்தது என்று ஊரார் பேசிக்கொண்டிருப்பார்கள். 1905-இல் கடற்கரைச் சாலைக்குத் தார் போட்டு, வேகப் பரீட்சை நடத்தினார்கள். அதில் டாரதி லெவிட் என்ற பெண்மணி மணிக்கு ஏறக்குறைய 80 மைல் வேகத்தில் ஓட்டிக்காட்டினார். ஒன்பதே ஆண்டுகளுக்கு முன் 12 மைல்!

அந்த வேகப் பரீட்சை பிற்காலத்தில் செப்டம்பர் மாதத்து விழாவாகி, நூறாண்டுக்குமேல் வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்துவிட்டது. மெள்ளப் போகிற ஊர்வலமோ 1927-இல் மறுபிறவி எடுத்து, யுத்த காலத்திலும், பெட்ரோல் பங்கீட்டுக் காலத்திலும், 2020-இல் கொள்ளைநோய்க் காலத்திலும் தவிர, நிற்கவே இல்லை. 1953-இல் 'ஜெனிவீவ்' என்ற சினிமா வந்த பிறகு அதன் புகழ் கடல் கடந்தது. வேகத்துக்கு ஆயுள் குறைவு. இன்றைய வேகம் நாளைக்கு மந்தம். நிதானத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வளவும் வேடிக்கையாகவே சொல்லிவந்தேன். ஆனால் அந்தச் சாலையின் கடைசி மைல்களுக்கு வரும்போது எனக்கு வேடிக்கையாகப் பேச மனம் வரவில்லை.

லண்டன் சாலை குன்றுகளைத் தாண்டிப் பிரைட்டனுக்குள் இறங்கும் இடத்தில் பாச்சம் என்ற பழைய கிராமம் இருக்கிறது. அதற்கு மேலே, ஆடு மேயும் புல்வெளிச் சரிவில், எட்டுத் தூண்களின்மேல் ஒரு வெள்ளைச் சலவைக்கல் கும்மட்டம் நிற்கிறது. 'சத்ரி' என்று அதற்குப் பெயர். நம் நாட்டுச் சத்ரிதான். அது அங்கே எப்படி வந்தது?

1914-இல் முதல் உலக யுத்தம் தொடங்கியதும் இந்தியச் சிப்பாய்களைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், குளிருக்கேற்ற உடைகூடப் போதாமல், அவர்கள் பதுங்கு குழிகளில் நின்று சண்டையிட்டார்கள். காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்த ஊர்களில் பிரைட்டனும் ஒன்று. டிசம்பர் முதல் அந்த வெங்காயக் கும்மட்ட மாளிகையே ஆஸ்பத்திரியாயிற்று. மாளிகையிலும் பக்கத்து மண்டபத்திலுமாக எழுநூறுக்குமேல் கட்டில்கள். அவரவர் ஆசாரப்படி தனித்தனிச் சமையலறைகள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். மன்னர் தம் சொந்த அரண்மனையைச் சிப்பாய்களுக்காகக் காலி செய்து கொடுத்துவிட்டார் என்று சிப்பாய்கள் நம்பினார்கள், நம்பும்படி விடப்பட்டார்கள். அது அறுபது ஆண்டுகளுக்குமேலாக ஊர்ச் சபையின் சொத்து என்பதை அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்? பஞ்சாபிலும் கட்வாலிலும் பிறந்த ஓர் இளைஞன் கண் விழித்துப் பார்த்தால், தலைக்குமேலே டிராகன் தொங்கும் விளக்கு. ஜன்னலுக்கு வெளியே, எங்கோ பார்த்தாற்போன்ற ஒரு கும்மட்டம். இந்தியாவைப் பார்க்காதவன் கட்டிய இந்தியாவில், இங்கிலாந்துக்காகக் காயம்பட்ட இந்தியன் படுத்திருந்தான்.

பலர் பிழைத்தார்கள். சிலர் பிழைக்கவில்லை. முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங் நகரத்து மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். ஹிந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரின் உடல்களைப் பாச்சம் குன்றுக்குக் கொண்டுபோய்ச் சிதை அடுக்கித் தகனம் செய்தார்கள். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். கங்கைக்குப் பதிலாக அந்த ஆங்கிலக் கால்வாய்.

அந்தச் சிதைகள் எரிந்த இடத்தில்தான் சத்ரி எழுந்தது. ஹென்ரிக்ஸ் என்ற இந்திய இளைஞர் வரைந்த திட்டம் அது. 1921 பிப்ரவரி முதல் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மாளிகைக்கு இந்தியர் நன்கொடையாக ஒரு வாசலும் கட்டி, பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். ஆனால் சத்ரியில் ஒரு குறை இருந்தது. யாருக்காகக் கட்டினார்களோ, அவர்களில் ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை.

பிரைட்டனுக்கு வரும் பழைய மோட்டார்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. செய்த கம்பெனியின் பெயர் உண்டு. பிறந்த வருஷம் உண்டு. 1930-இல் இந்த ஊர்வலத்தை ஒட்டிப் பிரைட்டனிலேயே ஒரு பழைய மோட்டார் சங்கம் ஆரம்பித்தார்கள். ஒரு வண்டியின் பிறந்த வருஷம் சந்தேகமானால், அதன் ஆணியையும் திருகையும் ஆராய்ந்து ஜாதகம் எழுதித் தருகிறார்கள். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். மனிதன் செய்த பொருளுக்கு மனிதன் காட்டும் மரியாதை அது. ஆனால் இரும்புக்குக் கிடைத்த ஜாதகம் அந்த 53 பேருக்கு அவர்கள் எரிந்த இடத்தில் கிடைப்பதற்கு 2010-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, மற்றோர் இலையுதிர் காலத்தில், சத்ரிக்கு அருகே அவர்கள் பெயர்களைப் பொறித்த கற்சுவர் ஒன்றைத் திறந்துவைத்தார்கள். சிதை எரிந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகு!

ஊரார் அவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சத்ரியில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆனாலும் பெயர் என்பது வேறு சமாசாரம். "யாரோ சிலர்" என்று சொல்வதற்கும், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம், பிள்ளையை யுத்தத்துக்கு அனுப்பிய எந்தத் தாய்க்கும் தெரியும்.

நவம்பர் முதல் ஞாயிறன்று மோட்டார்கள் புகை கக்கிக்கொண்டு பாச்சத்தைத் தாண்டி, மாளிகையின் பக்கமாகப் போய், கடற்கரைச் சாலையில் நிலைக்கு வந்து நிற்கின்றன. வாத்தியம் ஒலிக்கிறது, வெண்கலப் பதக்கம் கிடைக்கிறது, எல்லோரும் சூடாகத் தேநீர் குடிக்கிறார்கள்.

சத்ரிக்கு மோட்டார் போகாது. சாலை கிடையாது, புல்வெளியில் ஒற்றையடிப் பாதைதான். எத்தனை வேகமான வண்டி வைத்திருப்பவரும், அதை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, சரிவில் நடந்துதான் ஆகவேண்டும். 1896-இல் ஒரு மனிதரை நடக்கவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்தச் சாலை வேகத்தைச் சம்பாதித்தது. அந்த 53 பெயர்களையும் படிக்க விரும்புகிறவர், அந்த மனிதரைப்போலவே மறுபடியும் நடக்கவேண்டியிருக்கிறது.